நாலு பத்து ரயில்

கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவில், இரண்டும் வேண்டாமென்று விட்ட சேற்றில் அமைந்திருந்தது தாழைய நாடு. அந்த நாட்டில் ராஜாவை மக்களே தேர்ந்தெடுத்தார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆளுக்கொரு புளியங்கொட்டையைக் கொண்டுபோய், பிடித்தவர் பானையில் போட்டுவிட்டு வருவார்கள். எந்தப் பானை நிறைகிறதோ அந்தப் பானைக்காரர் ராஜா. கொட்டை போடும் நாளில் அவரே நேரில் வந்து, நீங்கள்தான் இந்த நாட்டுக்குச் சொந்தக்காரர்கள் என்று கைகூப்பிச் சொல்வார். மற்ற நாட்களில் அவருக்கு வேலை அதிகம்.

நாடு முழுக்கப் பள்ளம். மேடு என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. முன்பு ஆண்ட வெளிநாட்டார், இங்கே கிடைத்ததையெல்லாம் துறைமுகத்துக்கு அள்ளிக்கொண்டு போவதற்காக எட்டு மைல் நீளத்துக்கு மண் கொட்டி உயர்த்தி, அதன்மேல் தண்டவாளம் போட்டிருந்தார்கள். அவர்கள் போனார்கள். பிறகு ஒருநாள் ரயிலும் நின்றது. தண்டவாளத்தை யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள். யார் என்பது அப்போதைய மந்திரிக்கு நன்றாகத் தெரியும். மேடு மட்டும் அப்படியே கிடந்தது.

ஐப்பசி பிறந்தால் வெள்ளம் வரும். இருபது நாள் இடுப்பளவுக்கு நிற்கும். அந்த இருபது நாளும் மேட்டைச் சுற்றியிருந்த ஒன்பது ஊர்க்காரர்களும் ஆடு மாடு, சட்டி பானை, பிள்ளை குட்டியோடு ரயில் மேட்டில் குடியிருப்பார்கள். ரயில்காரர்கள் நட்டுவைத்த தொண்ணூற்றாறு கற்கள் அங்கே இருந்தன. இன்ன குடும்பத்துக்கு இன்ன கல்லடி என்று தலைமுறையாக ஏற்பாடு. கல்யாணம் பேசப் போனால், மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கேட்பதற்கு முன்னால், "மேட்டுல எந்தக் கல்லு?" என்றுதான் கேட்பார்கள். எழுபதுக்கு மேல் என்றால் காற்று நன்றாக வரும், பெண் வீட்டாருக்குத் திருப்தி.

அந்த மேட்டை ஊர்ப்பாதை ஏறிக் கடக்கும் இடத்தில் ஒரு ரயில்வே கேட் இருந்தது. கேட் கீப்பர் சொர்ணத்தாயி. புருஷன் பார்த்த வேலை. அவன் செத்த பிறகு, மறு உத்தரவு வரும்வரை நீ பார் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அப்புறம் ரயில் நின்றது. சம்பளமும் நின்றது. மறு உத்தரவு மட்டும் வரவில்லை. ஆகவே காலை ஒன்பது நாற்பதுக்கும் மாலை நாலு பத்துக்கும் அவள் கேட்டைச் சாத்துவாள், ஐந்து நிமிஷம் கொடியோடு நிற்பாள், திறப்பாள். பிறகு பதிவேட்டை எடுப்பாள். அதில் 'ரயில் பத்திரமாகக் கடந்தது' என்று ஏற்கனவே அச்சடித்திருக்கும். வேறு எதுவும் எழுத இடம் கிடையாது. அதன் எதிரே கையெழுத்துப் போடுவாள். இப்படியே இருபத்தெட்டு வருஷம்.

இதைப் பைத்தியக்காரத்தனம் என்று நினைக்க வேண்டாம். அவளிடம் ஒரு விதிப்புத்தகமும் இருந்தது. அதில் பதினான்காம் விதி அவளுக்கு மனப்பாடம். கேட்டுக்கு அருகிலிருந்த ஓடைப் பாலத்தின் அடியில் வரைந்திருக்கும் சிவப்புக் கோட்டைத் தண்ணீர் தொட்டால் கேட்டைச் சாத்தி மணி அடிக்க வேண்டும். அந்த நேரம் வரும் ரயிலை மேட்டில் நிறுத்திவைக்க வேண்டும். கோட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்கும்வரை அந்த ரயிலை நகர்த்த எவருக்கும் அதிகாரமில்லை. இவள் அடிக்கும் அந்த மணியைக் கேட்டுத்தான் ஒன்பது ஊரும் மூட்டை கட்டும்.

ஒருநாள் மாலை நிலவகை மந்திரி நற்கிள்ளியார் காரில் வந்தார். நாட்டில் எந்த நிலம் வயல், எது மனை, எது சுடுகாடு என்று தீர்மானிப்பவர் அவர். ராஜாவின் நண்பர் மாணிக்கராயர் என்ற தொழிலதிபருக்கு மேடான நிலம் தேவைப்பட்டது. ரயில் நிலத்தில் இருபத்தைந்து ஆண்டுகள் ரயில் ஓடாமலிருந்தால் அதைத் தொழில் நிலமாக வகை மாற்றலாம் என்று சட்டம். ஓடவில்லை என்பதை ஒருதடவை கண்ணால் பார்த்துவிட்டுப் போகத்தான் மந்திரி வந்தார். அவர் வந்து சேர்ந்த நேரம் நாலு எட்டு. கார் மூக்குக்கு நேரே கேட் இறங்கியது.

"யாரம்மா அது? மந்திரி வந்திருக்கிறேன். கேட்டைத் திற."

"போட்டாச்சுங்கய்யா. நாலு பத்து ரயிலு போகணும்."

"இங்கே ரயில் வருமா?"

"வராதுங்க. நேரம் வந்துரும்லா."

பக்கத்தில் பதினாலு ஆடுகளோடு நின்றுகொண்டிருந்தார் அய்யாத்துரை. எழுபத்தோராம் கல்லுக்காரர். தினமும் அந்த நேரத்துக்கு அந்தக் கேட்டில் நின்று சொர்ணத்தாயியைக் கேலி பண்ணாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. "இருங்கய்யா, அஞ்சு நிமிசம்தான்" என்றார் மந்திரியிடம். "இருவத்தெட்டு வருசமா நானும் நிக்கேன். ஒரு நாளும் இந்த ரயிலு லேட்டா வந்ததில்ல."

மந்திரி சிரிக்கவில்லை. பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். இருபதாயிரத்துச் சொச்சம் ரயில்கள் பத்திரமாகக் கடந்திருந்தன. கடைசி ரயில் அன்று காலை ஒன்பது நாற்பதுக்குப் போயிருந்தது. அவருக்கு வியர்த்துவிட்டது.

அரண்மனையில் அவசர ஆலோசனை கூடியது.

"அந்தப் பெண் பொய் எழுதியிருக்கிறாள். பதிவேட்டைத் தள்ளுபடி செய்துவிடலாம்" என்றார் மந்திரி.

தலைமைச் செயலர் வரதுங்கர் தொண்டையைச் செருமினார். "மாமன்னர் மன்னிக்க வேண்டும். அரசு முத்திரையிட்ட பதிவேடு அது. அதில் இருப்பது பொய் என்று நாமே சொன்னால், மற்றப் பதிவேடுகளையும் மக்கள் சந்தேகிக்க நேரிடும். புளியங்கொட்டைப் பதிவேடும் இதே அச்சகத்தில் அடித்ததுதான்."

ராஜா தன் கிரீடத்தை ஒருதடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ரயில் ஓடுகிறது" என்றார்.

மறுநாள் முரசு அறைந்தார்கள். மாமன்னர் ஆட்சியில் தாழைய நாட்டு ரயில் ஒருநாள்கூட, ஒரு நிமிடம்கூடத் தாமதமானதில்லை. விபத்தில்லை, புகையில்லை, நெரிசலில்லை. உலகில் வேறெந்த மன்னராவது இப்படிச் சொல்ல முடியுமா? அந்த ரயிலை நான் பார்த்ததேயில்லை என்று சொல்பவர்கள் நாட்டின் வளர்ச்சி பிடிக்காதவர்கள். இதைக் கேட்ட பிறகு தலைநகரத்தில் பலபேர், போன மாதம்கூட அதில் போய் வந்தோம், ஜன்னலோரம் இடம் கிடைத்தது என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அட, ஒரு பெரியவர் அதில் விற்ற வடையில் உப்புக் குறைவு என்று புகாரே எழுதிப் போட்டார்!

இதோடு நின்றிருந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். ரயில் ஓடும் மேட்டில் மனிதர்கள் நடமாடுவது ஆபத்து அல்லவா? ராஜாவுக்குக் குடிமக்கள் உயிர்மேல் அக்கறை அதிகம். எட்டு மைலுக்கும் இரண்டு பக்கமும் முள்கம்பி வேலி போட்டார்கள். ஏறுவதற்குக் கேட் ஒன்றுதான் வழி. அதிலே காவல்படை நின்றது.

ஐப்பசி வந்தது. ஒரு காலை, தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டது. சொர்ணத்தாயி மணி அடித்தாள். ஒன்பது ஊரும் கேட்டுக்கு ஓடி வந்தது.

"உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறோம்" என்றான் படைத்தலைவன். "மேலே ரயில் போகிறது. தள்ளி நில்லுங்கள். ரயில் மோதினால் யார் பொறுப்பு?"

"எந்த ரயிலுய்யா?" என்று கத்தினார் அய்யாத்துரை. "கண்ண முழிச்சுப் பாரும். செடி மொளைச்சுக் கெடக்கு அங்க!"

"பதிவேட்டில் இருக்கிறது."

சொர்ணத்தாயி அவன் காலில் விழுந்தாள். "ஐயா, ரயிலு வராதுய்யா. நான்தான் எழுதுனேன். நான் சொல்லுதேன், வராது." அவன் அவளைத் தூக்கி ஓரமாக நிறுத்தினான். அரசு ஆவணத்துக்கு எதிராக வாய்மொழியாகச் சொல்வதை ஏற்பதற்கில்லை என்று மரியாதையாகவே சொன்னான்.

ஜனங்கள் கூரைமேலும் பனைமரத்திலும் தொற்றிக்கொண்டார்கள். அய்யாத்துரை ஆடுகளை விட்டுவிட்டு வர மனசில்லாமல், வேலியில் எங்காவது இடைவெளி இருக்குமா என்று தேடிக்கொண்டே தண்ணீரில் நடந்து போனார். நாலாம் நாள் அவரைப் பார்த்தார்கள். எழுபத்தோராம் கல்லுக்கு நேர் கீழே, கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தார். கல்லுக்கும் அவருக்கும் நடுவே பத்தடிகூட இருக்காது. 'விருப்பத்தின் பேரில் நீந்தியவர்' என்று அரசுக் குறிப்பில் எழுதினார்கள்.

அய்யாத்துரையின் மனைவி பிச்சம்மாளிடம் போய் சொர்ணத்தாயி உட்கார்ந்தாள்.

"மயினி, நான் கையெழுத்துப் போட்ட ரயிலுதான் அவரை அடிச்சிருச்சு" என்றாள். "இருவத்தெட்டு வருசம் என் கேட்டுல ஒரு ஆடு குட்டிகூடச் சாகல மயினி."

"நீ மணி அடிச்ச. நாங்க வந்தோம். ஏத்தலன்னா நீ என்ன செய்வ?" என்றாள் பிச்சம்மாள். பிறகு இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

அன்று மாலை சொர்ணத்தாயி கேட்டைச் சாத்தித் திறந்தாள். பதிவேட்டை விரித்தாள். பத்திரமாகக் கடந்தது என்ற வரிக்கு எதிரே கையெழுத்துப் போட அவளால் முடியவில்லை. அதற்குப் பிறகு பக்கங்கள் வெறுமையாகவே போயின.

மாணிக்கராயர் பொறுமை இழந்துகொண்டிருந்தார். ஓடும் ரயிலை நிறுத்தினால்தானே நிலம் காலியாகும்? ஆகவே ரயிலுக்குப் பிரிவுபசார விழா நடந்தது. மேடை, பந்தல், மேளம் எல்லாம் வந்தன. ராஜா பச்சைக் கொடி காட்டினார். மந்திரிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெறும் மேட்டை நோக்கிக் கையசைத்தார்கள். சரியாக நாலு பத்துக்குக் கடைசி ரயில் புறப்பட்டுப் போனது. நல்ல ரயில், நஷ்டத்தில் ஓடியது, என்ன செய்ய என்று ராஜா தழுதழுத்த குரலில் பேசினார்.

இனி இருபத்தைந்து ஆண்டு காத்திருக்க வேண்டுமே என்று மந்திரி கவலைப்பட்டார். வரதுங்கர் அதற்கும் வழி வைத்திருந்தார். "மற்ற ராஜாக்கள் ஓராண்டில் செய்ததை நம் மாமன்னர் ஒரு வாரத்தில் செய்கிறார். இதை நாமே பல மேடைகளில் சொல்லியிருக்கிறோம். எனவே இந்த ஆட்சியில் ஒரு வாரம் என்பது சட்டப்படி ஓராண்டு." இருபத்தைந்து வாரம் முடிந்ததும் ரயில் மேடு தொழில் நிலம் ஆனது. மாணிக்கராயர் பெயரில் பலகை வைத்தார்கள். என்ன தொழில் என்று அதில் எழுதவில்லை. மேட்டை ஒரு முனையிலிருந்து வெட்டி மண்ணை லாரியில் ஏற்றத் தொடங்கினார்கள். புரட்டாசி முடிவதற்குள் ஐம்பத்தெட்டுக் கல் காணாமல் போய்விட்டது.

தொழிற்சாலை என்றால் அருகில் நீராதாரம் வேண்டும் என்று இன்னொரு விதி இருந்தது. நற்கிள்ளியார் ஒன்பது ஊரின் வரைபடத்தையும் மேஜையில் விரித்துப் பார்த்தார். "வருஷத்தில் இருபது நாள் தண்ணீர் நிற்கிறது. ஆகவே இது நீர்நிலை" என்று தீர்ப்பளித்தார். "மீதி நாட்களில் அங்கே தரை தெரிவது தரையின் ஆக்கிரமிப்பு." ஒரு கையெழுத்தில் ஒன்பது ஊரும் ஏரியானது. ஏரிக்குள் வீடு கட்டியிருப்பவர்கள் அறுபது நாளில் காலி செய்ய வேண்டும் என்று சுவரில் ஒட்டினார்கள். ஆட்சேபணை இருந்தால் அலுவலகத்துக்குப் படகில் வந்து கொடுக்கலாம்.

எங்கே போவது? யாருக்கும் தெரியவில்லை. அப்படியே இருந்தார்கள். சொர்ணத்தாயியும் கேட்டில்தான் இருந்தாள், இரண்டு வேளையும் சாத்தித் திறந்தாள். ரயிலுக்கு விடை கொடுத்தவர்கள் கேட் கீப்பருக்கு எதுவும் எழுதவில்லை. அந்தத் துருப்பிடித்த கேட்டைத் திறந்து மூடத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்பதால் மாணிக்கராயரின் ஆட்களும் அவளை விட்டுவைத்தார்கள்.

மறுபடி ஐப்பசி. இந்தத் தடவை சீக்கிரமாகவே, ஒரு மத்தியானம், தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டது. மணி அடிக்கலாமா என்று சொர்ணத்தாயி யோசித்தாள். அடித்தால் வருவார்கள். வந்தால் கேட்டில் நிறுத்துவார்கள். போன வருஷம் போலவே ஆகும். வேலிக் கம்பியைப் பார்த்தாள். விதிப்புத்தகத்தை எடுத்துப் பதினான்காம் விதியை ஒருதடவை வாய்விட்டுப் படித்தாள். பிறகு கயிற்றைப் பிடித்து, கை வலிக்கும்வரை மணி அடித்தாள்.

ஒன்பது ஊரும் வந்து சரிவில் நின்றது. அதே படைத்தலைவன் குறுக்கே நின்றான். இப்போது அவன் தனியார் காவல். சட்டை மட்டும் மாறியிருந்தது.

சொர்ணத்தாயி கூட்டத்துக்குள் இறங்கினாள். "ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடிங்க. ஒரே வரிசை. யாரும் கையை விடாதீங்க. மயினி, நீ முன்னால வா."

பிச்சம்மாள் முன்னால் வந்தாள். அவள் தோளில் ஒருவர் கை, அவர் தோளில் அடுத்தவர் கை என்று வரிசை நீண்டது. பெட்டி படுக்கையைத் தலையில் வைத்தவர்கள், பிள்ளையை இடுப்பில் இடுக்கியவர்கள், கன்றுக்குட்டியைக் கழுத்தில் சுமந்தவர்கள் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். கடைசி ஆள் மார்பளவு தண்ணீரில் நின்றான்.

"என்ன இது?" என்றான் படைத்தலைவன்.

"ரயிலுங்க."

"விளையாடுறியா? இதுவா ரயில்? ரயிலைத்தான் வழியனுப்பியாச்சே!"

"போன ரயிலு திரும்பி வருதுங்க, வரக்கூடாதுன்னு எனக்கு உத்தரவு இல்ல. போன வருசம் நீங்க பாத்த ரயிலவிட இது நல்லாத் தெரியுதுல்லா?"

அவன் கணக்குப் போட்டான். ரயிலே கிடையாது என்று சொன்னால் ராஜா வெறும் மேட்டுக்குக் கொடி காட்டினார் என்றாகும். கண்ணுக்குத் தெரிந்தால்தான் ரயில் என்று சொன்னால் போன வருஷம் இவன் யாரை, எதற்காகத் தடுத்தான் என்று கேள்வி வரும். ஓரடி பின்வாங்கினான்.

"தள்ளி நில்லுங்க" என்றாள் சொர்ணத்தாயி. "ரயிலு மோதுனா யார் பொறுப்பு?"

அவள் கேட்டைத் தூக்கினாள். பச்சைக் கொடியை விரித்தாள். பிச்சம்மாள் தலையை நிமிர்த்தி, "கூ" என்று நீளமாகக் கூவினாள். பாதியில் அது ஒப்பாரியாக மாறிவிட்டது. ஆனாலும் அவள் நிற்கவில்லை, நடந்தாள். ஒன்பது ஊரும் அவள் பின்னால் மேட்டில் ஏறிப் போனது. மீதமிருந்த முப்பத்தெட்டுக் கல்லடியிலும் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். எழுபத்தோராம் கல்லில் அந்த முறை ஐந்து குடும்பம். ஒருவரும் விடுபடவில்லை என்று மூன்று தடவை எண்ணிப் பார்த்த பிறகு, சொர்ணத்தாயி பதிவேட்டை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

வெள்ளம் இருபத்தோராம் நாள் வடிந்தது. பத்து நாள் வெயிலில் தரை காய்ந்தும் யாரும் மேட்டைவிட்டு இறங்கவில்லை. பதினோராம் நாள் கேட்டைக் கடந்து, மறுபக்கம் இறங்கி, வயலில் காரை நிறுத்தினார் நற்கிள்ளியார். அங்கிருந்து நடந்து, கேட் வழியாக மேலே ஏறி வந்தார். அரண்மனைப் படக்காரர் ஒருவரும் நாலைந்து அதிகாரிகளும் கூட வந்தார்கள்.

"மனிதாபிமானத்தோடு இத்தனை நாள் பொறுத்தோம்" என்றார். "ரயில் என்றீர்கள். சரி, ரயில் என்றே வைத்துக்கொள்வோம். இப்போது வெள்ளம் வடிந்துவிட்டது. ரயிலைக் கிளப்புங்கள்."

சொர்ணத்தாயி விதிப்புத்தகத்தை நீட்டினாள். "தண்ணி கோட்டுக்குக் கீழ எறங்குனாத்தான ரயிலை எடுக்கலாம்? யாருக்கும் அதிகாரம் இல்லைன்னு போட்டிருக்குங்கய்யா."

"இறங்கிவிட்டதே. அதோ ஆடு மேய்கிறது பார்."

"அது ஏரிங்க."

"என்னது?"

"நீர்நிலைன்னு நீங்கதான எழுதுனீங்க. முத்திரை போட்டுச் சுவத்துல ஒட்டியிருக்கு. ஏரியில தண்ணி வடிஞ்சிருச்சுன்னு சொல்லுதீகளா?" அவள் குரலில் கிண்டல் இல்லை. "வடிஞ்சா அது ஏரி இல்ல. எங்க ஊரு. எழுதிக் குடுத்துருங்க, இப்பவே எல்லாரும் எறங்கி வீட்டுக்குப் போறோம். இல்ல, அது ஏரிதான்னா, தண்ணி நிக்கி. ரயிலு இங்கதான் இருக்கும்."

மந்திரி வரதுங்கரை நினைத்துக்கொண்டார். அவர் தலைநகரில் இருந்தார். ஊர் என்று எழுதிக் கொடுத்தால் மாணிக்கராயருக்கு நீராதாரம் போய்விடும், அனுமதி போய்விடும். அரசுப் பதிவேடு பொய் என்றாகிவிடும். அதே அச்சகத்தில் அடித்த மற்றப் பதிவேடும் அவர் ஞாபகத்துக்கு வந்தது. கொட்டை போடும் நாளுக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது.

"தண்ணீர் நிற்கத்தான் செய்கிறது" என்றார் கடைசியில், மெதுவாக.

"உங்க காரு ஏரிக்குள்ள நிக்குங்கய்யா" என்றாள் சொர்ணத்தாயி.

மேட்டிலிருந்து அத்தனை ஜனமும் பார்த்துக்கொண்டிருந்தது. மந்திரி குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். இன்னொரு கையால் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தார். அதைப் பார்த்த அதிகாரிகளும் ஒருவர் பின் ஒருவராகத் தூக்கிப் பிடித்தார்கள். காய்ந்து வெடித்த தரையை நோக்கி, ஆழம் பார்ப்பவர்கள் போலக் காலை எடுத்து வைத்து நடந்தார்கள். படக்காரர் ஓடி ஓடிப் படம் எடுத்தார். இடுப்பளவு வெள்ளத்தில் இறங்கி மக்களைச் சந்தித்த மந்திரி என்று அது மறுநாள் வெளிவர இருந்தது.

கேட்டை நெருங்கியபோது அது அவர்கள் முன்னால் இறங்கியது. மணி நாலு எட்டு.

மந்திரி திரும்பிப் பார்த்தார். சொர்ணத்தாயி கொடியோடு தன் இடத்தில் நின்றாள். அவர் கையில் செருப்பு தொங்கியது, வேட்டி முழங்காலுக்கு மேலே இருந்தது. இறக்கிவிட முடியாது, எதிரே ஏரி.

எழுபத்தோராம் கல்லிலிருந்து பிச்சம்மாள்தான் சொன்னாள்.

"இருங்கய்யா, அஞ்சு நிமிசம்தான். ஒரு நாளும் இந்த ரயிலு லேட்டா வந்ததில்ல."

மந்திரி வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி ரயிலுக்காகக் காத்து நின்றார்.